நேற்றுவரை திறந்த நாஸ் இன்று ஏன் திறக்கவில்லை? எல்லா இயங்குதளத்துக்கும் ஒத்துப்போகும் வீட்டுச் சேமிப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வெளிவந்தது. அதை நிறுவிய பலருக்கும் ஒரே சிக்கல். வீட்டில் எல்லோருடைய கோப்புகளையும் பொதுவாக வைத்து நெட்வொர்க் வழியாகத் திறக்கும் சேமிப்புப் பெட்டிதான் நாஸ். அதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த அந்தப் பெட்டி திடீரென்று திறக்க மறுத்தது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று திரையில் ஒரு செய்தி. வீட்டில் ஏது நிறுவனம், ஏது கொள்கை? அதே பெட்டி பக்கத்து அறையில் இருக்கும் மேக்கில் திறக்கிறது, போனிலும் திறக்கிறது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கியவர்களும் உண்டு.

பெட்டி கெடவில்லை. அட்டைப்பெட்டியின் மேல் “விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும்” என்று அச்சடித்திருப்பார்கள். அது பொய்யில்லை, ஆனால் அச்சடித்த தேதியில் மட்டுமே உண்மை. இயங்குதளங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளும் கூடவே மாறினால்தான் அந்த வாக்கு நிற்கும். ஆகவே நாஸ் வாங்கும்போது எத்தனை டிஸ்க் போடலாம், விலை என்ன என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதன் மென்பொருளை.

## நாஸ் எது, யுஎஸ்பி டிஸ்க் எது

நாஸ் என்பது நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்பகம். அது ஒரு சின்னக் கணினி: தனக்கென்று ஒரு செயலி, நினைவகம், பெரும்பாலும் லினக்ஸ் வகை இயங்குதளம், ஒன்றோ பலவோ ஹார்ட் டிஸ்க், ரூட்டரில் செருக ஒரு ஈதர்நெட் துளை. மானிட்டரும் கீபோர்டும் தேவையில்லை, உலாவி வழியாகவே நிர்வகிக்கலாம்.

யுஎஸ்பி டிஸ்க்கை நேரடியாகக் கணினியில் செருகும்போது அதன் கோப்பு முறைமை, அதாவது தரவை அடுக்கி வைக்கும் விதம், கணினிக்குப் புரிந்தாக வேண்டும். என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32இல் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையை விண்டோஸும் மேக்கும் தாமாகப் படிக்காது.

நாஸில் இந்தத் தொல்லை கிடையாது. உள்ளே எக்ஸ்ட்4 இருக்கிறதா, பிடிஆர்எஃப்எஸ் இருக்கிறதா, ஜெட்எஃப்எஸ் இருக்கிறதா என்பது உங்கள் லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. அது “இந்தக் கோப்பைக் கொடு” என்று நெட்வொர்க்கில் கேட்கிறது, பெட்டி எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே “மேக்குக்கும் விண்டோஸுக்கும் பொதுவாக நாஸை எந்த ஃபார்மட்டில் போடுவது?” என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை. லேப்டாப்பும் பெட்டியும் எந்த விதிமுறையில் பேசிக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி. அந்த விதிமுறைக்குப் பெயர் நெறிமுறை, புரோட்டோகால்.

## நெறிமுறைகள் மூன்று, வீட்டுக்கு ஒன்று போதும்

1. எஸ்எம்பி. 1980களில் ஐபிஎம்மில் பிறந்து, மைக்ரோசாஃப்ட் வளர்த்தெடுத்தது. விண்டோஸின் தாய்மொழி. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில், கணினிகளுக்கிடையே போய்வரும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்தே அதற்கு ஒரு மாற்று வடிவத்தை எழுதினார். அதுதான் சாம்பா. இன்று கடையில் கிடைக்கும் வீட்டு நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது இந்த இலவச மென்பொருளே.

2. ஏஎஃப்பி. ஆப்பிளின் பழைய நெறிமுறை. 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பிலிருந்தே ஆப்பிள் எஸ்எம்பியை முதல் தேர்வாக்கிவிட்டது. 2020இன் பிக் சர் பதிப்பில் ஏஎஃப்பி வழியாகக் கோப்பைப் பகிரும் வசதி போனது. 2025இல், இனிவரும் ஒரு மேக்ஓஎஸ் பதிப்பில் ஏஎஃப்பி முழுவதுமாக நீக்கப்படும் என்று ஆப்பிள் அறிவித்தது. “மேக்குக்காக ஏஎஃப்பி உண்டு” என்பதை ஒரு விற்பனையாளர் பெருமையாகச் சொன்னால், பெட்டி பழசு என்று புரிந்துகொள்ளலாம்.

3. என்எஃப்எஸ். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது, லினக்ஸ்காரர்களுக்குப் பழக்கமானது. வழக்கமாக அமைக்கும் விதத்தில் இது கடவுச்சொல் கேட்பதில்லை, பயனர் எண்ணைப் பார்த்து நம்பிவிடும். மேக்கில் முதல் பயனரின் எண் 501, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் 1000. ஒரே ஆள் இரண்டு கணினியிலும் எழுதினால் நாஸுக்கு அது இரண்டு வேறு ஆட்கள். லேப்டாப்பில் சேமித்ததை டெஸ்க்டாப்பிலிருந்து திருத்த முடியாமல் விழிப்பது இதனால்தான்.

ஆகவே கலவையான வீட்டுக்கு எஸ்எம்பி ஒன்றே போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அதைப் பேசும். ஐபோனின் ஃபைல்ஸ் செயலி 2019இன் ஐஓஎஸ் 13 முதல் பேசுகிறது. ஆண்ட்ராய்டில் அதற்கென்று ஒரு ஃபைல் மேனேஜர் செயலியைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. மற்ற இரண்டையும் நாஸின் அமைப்புகளில் அணைத்துவிடலாம். திறந்த வாசல்கள் குறைந்தால் கவலையும் குறையும்.

## எஸ்எம்பியிலும் பழசு, புதுசு உண்டு

24எச்2 குழப்பம் இங்கேதான் இருக்கிறது. எஸ்எம்பியின் முதல் பதிப்பு, பாதுகாப்பைப் பற்றிப் பெரிதாக யோசிக்காத காலத்தில் எழுதப்பட்டது. 2017 மே மாதம் உலகைக் கலக்கிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற தீய மென்பொருள் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. எஸ்எம்பி1 மட்டுமே தெரிந்த பழைய நாஸ்களும், யுஎஸ்பி டிஸ்க் செருகும் ரூட்டர்களும் அப்போதே விண்டோஸுக்கு அந்நியமாகின.

2024இல் நடந்தது அடுத்த கட்டம். 24எச்2இல் இரண்டு மாற்றங்கள் வந்தன.

1. போய்வரும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கட்டாயம். நடுவில் யாரும் புகுந்து மாற்றவில்லை என்பதற்கான கணித முத்திரை அது.

2. ப்ரோ பதிப்பிலும் விருந்தினர் நுழைவுக்குத் தடை. அதாவது, பெயரோ கடவுச்சொல்லோ இல்லாமல் பகிர்வுக் கோப்புறையைத் திறக்க முடியாது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கையொப்பத்துக்கான சாவி, நீங்கள் உள்நுழையும் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லை, அதனால் சாவியும் இல்லை, கையொப்பமும் இல்லை. “வீட்டில் நாம் நாலு பேர்தானே, கடவுச்சொல் எதற்கு?” என்று நாஸைத் திறந்து போட்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்று, எஸ்எம்பி1ஐத் திரும்பப் போடு என்பதுதான். செய்தால் திறக்கும். ஆனால் உங்கள் லேப்டாப் வெளியே போய்ச் சேரும் ஒவ்வொரு வைஃபையிலும் அந்தத் தளர்வோடுதான் போகும். சரியான வழி நாஸின் பக்கம் இருக்கிறது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் நாஸில் ஒரு பயனர் கணக்கு, ஒரு கடவுச்சொல். குறைந்தபட்ச நெறிமுறை எஸ்எம்பி2, அதிகபட்சம் எஸ்எம்பி3. பத்து நிமிட வேலை. உங்கள் நாஸில் இப்படி மாற்றவே இடமில்லை என்றால், பெட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

விண்டோஸில் உள்நுழையப் போடும் நான்கு இலக்கப் பின் இங்கே செல்லாது. நாஸ் கேட்பது நாஸில் நீங்கள் உருவாக்கிய பெயரையும் கடவுச்சொல்லையும். அப்புறம், எஸ்எம்பி1 அணைந்ததும் விண்டோஸின் “நெட்வொர்க்” பட்டியலிலிருந்து சில பெட்டிகள் காணாமல் போகும். காணவில்லை என்றால் இல்லை என்று பொருளல்ல. முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல நாஸின் எண்ணை நேரே தட்டினால் வந்துவிடும். அந்த எண் மாறாமல் இருக்க, ரூட்டரில் அதை நாஸுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

## தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

ஒப்பீட்டுக் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை, ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இது வராது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் இரண்டு இடத்தில் இடறும்.

முதலாவது நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4இல் கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிகள். “பொங்கல்” நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி, 21 பைட். “அப்பாவின் மணிவிழா திருக்கடையூர் கோயில் வீடியோ முழுத்தொகுப்பு” என்று பெயர் வைத்தால் இடைவெளியோடு சேர்த்து 170 பைட். சாதாரணக் கோப்புறையில் இதற்கு இடமுண்டு. ஆனால் சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் மறையாக்கம் செய்த பகிர்வுக் கோப்புறையில் பெயருக்கு 143 பைட்தான், அதாவது தமிழில் 47 குறிகள். மேலே உள்ள கோப்பு அங்கே ஏறாது. நூறு ஜிபி நகலெடுக்கும்போது நடுவில் இந்த ஒன்று மட்டும் விட்டுப்போவது பலருக்குக் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது, ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும். “கோ”வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் இரண்டாவது விதத்தில்தான் பெயரைப் பிரித்துச் சேமித்தன. அத்தகைய டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க் போன்ற கருவியால் அப்படியே நாஸுக்கு நகலெடுத்தால், அங்கே ஏற்கெனவே இருக்கும் “கோயில்” கோப்புறைக்குப் பக்கத்தில் இன்னொரு “கோயில்” முளைக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கின் ஃபைண்டர் வழியாக எஸ்எம்பியில் இழுத்துப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. அதனால் பழைய மேக் சேகரிப்பை நகர்த்தும்போது அந்த வழியே மேல்.

முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக் குறி போன்றவற்றை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது என்பதையும் மேக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மேக்கில் தானாகப் பேக்கப் எடுக்கும் டைம் மெஷினை நாஸுக்குத் திருப்புவதானால் அதற்கென்று தனிக் கோப்புறையும் தனிப் பயனரும் உருவாக்கி, அளவுக்கு ஒரு வரம்பும் போட்டாக வேண்டும். வரம்பு இல்லாவிட்டால் இருக்கிற இடத்தையெல்லாம் டைம் மெஷின் எடுத்துக்கொள்ளும், குடும்பப் படங்களுக்கு இடமிருக்காது.

## பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளின் ஆயுள்

2021 ஜூன் மாதம் உலகெங்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளில் இருந்த தரவு ஒரே நாளில் காலியானது. இணையம் வழியாக யாரோ தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்திருந்தார்கள். 2010இல் அறிமுகமான அந்தப் பெட்டிக்கு கடைசி அப்டேட் வந்தது 2015இல். டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, மென்பொருள் ஆறு வருடமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2022இன் தொடக்கத்தில் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல் பிடித்தது. அங்கேயும் மாட்டியவை, இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிட்டிருந்த பெட்டிகள்தான்.

ஆகவே பிராண்டைப் பார்ப்பதைவிட, அந்தக் குறிப்பிட்ட மாடல் எப்போது வெளிவந்தது, அதற்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் ஏழு வருடத்துப் பழைய மாடல் மலிவே இல்லை.

தயாரிப்பாளர் பிற்பாடு விதியை மாற்றுவதும் நடக்கும். சைனாலஜி 2025இல் தனது புதிய பிளஸ் மாடல்களில் தானே விற்கும் அல்லது தான் சான்றளித்த டிஸ்க்குகளை மட்டுமே முழுமையாக அனுமதிப்பதாக அறிவித்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் அதே ஆண்டு அக்டோபரில், தன் பெட்டிகளின் இயங்குதளமான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்போடு பெருமளவு பின்வாங்கியது. முந்தைய ஆண்டில் 7.2.2 பதிப்போடு வீடியோ ஸ்டேஷன் செயலியையே நீக்கியது. “இந்தப் பெட்டியில் இன்ன செயலி இருக்கிறது” என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள் என்பதற்கு இவையே காரணம். கோப்பைப் பத்திரமாக வைத்து எஸ்எம்பியில் கொடுப்பது அடிப்படை, மற்றதெல்லாம் இனாம்.

இந்தப் பிடி வேண்டாம் என்பவர்களுக்கு ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய டெஸ்க்டாப் ஒன்றிலேயே போடலாம். லினக்ஸ் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் இது அருமையான வழி. அவர் வெளியூர் போயிருக்கும்போது கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். வயதான பெற்றோரின் வீட்டுக்கு ஆயத்தப் பெட்டியையே நான் சிபாரிசு செய்வேன்.

## டிஸ்க், ரெய்டு, பேக்கப்

டிஸ்க்கில் பார்க்க வேண்டியது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆர் வகையில் தரவை எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் இடத்தை மிச்சப்படுத்தத் தடங்களை ஒன்றின் விளிம்பு மேல் இன்னொன்று படியும்படி எழுதுகிறார்கள். ஒன்றைத் திருத்த, பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டியிருப்பதால் தொடர்ந்து எழுதும்போது திணறும். கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதியதைப் போட்டு நாஸ் மறுசீரமைக்கும் வேளை அப்படிப்பட்டதுதான். நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில மாடல்களை எஸ்எம்ஆராகக் கொடுத்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது 2020இல் பெரிய சர்ச்சையானது. இப்போது ரெட் பிளஸ் என்ற பெயரில் வருவது சிஎம்ஆர்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதுவது ரெய்டு 1. ஒன்று செத்தாலும் மற்றது நடத்திவைக்கும். ஆனால் குழந்தை ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். எனவே ரெய்டு பேக்கப் ஆகாது. நாஸில் செருகிய ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் எடுத்து, அதைக் கழற்றி வேறொரு வீட்டில் வைப்பதுதான் பேக்கப். அந்த யுஎஸ்பி டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால், அவசரத்துக்கு எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

பெட்டி இறந்துபோனால் உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகிப் பார்க்கத் தோன்றும். விண்டோஸுக்கு அது புரியாது. “ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கேட்கும். அங்கே “ஆம்” அழுத்தித் தரவைத் தொலைத்தவர்கள் ஏராளம். பல வீட்டு நாஸ்கள் லினக்ஸின் வழக்கமான முறைகளையே பயன்படுத்துவதால், ஒரு லினக்ஸ் கணினியில் அந்த டிஸ்க்கைப் படிக்க வழி இருக்கிறது. வாங்கும் முன்பே, இந்த மாடலின் டிஸ்க்கை வெளியே எடுத்துப் படிக்கும் முறையைத் தயாரிப்பாளர் விளக்கியிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

## வேகம் எங்கே மாட்டுகிறது

ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் கொடுக்கும். ஜிகாபிட் ஈதர்நெட்டில் 110 எம்பி சுற்றுவட்டத்தில்தான் போகும். ஆகவே இடைஞ்சல் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, ஒயரும் வைஃபையும்தான். இணையச் சேவையோடு இலவசமாக வரும் சில ரூட்டர்களில் ஒரு துளை மட்டுமே ஜிகாபிட், மற்றவை 100 மெகாபிட். தெரியாமல் அதில் நாஸைச் செருகினால் நொடிக்கு 11 எம்பிதான். ஒரு டிபியை நகலெடுக்க ஜிகாபிட்டில் இரண்டரை மணி நேரம், இதில் ஒரு நாளுக்கும் மேல். 2.5 ஜிகாபிட் துளை உள்ள நாஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதும், ரூட்டரும் லேப்டாப்பும் அதற்கு ஈடுகொடுத்தால்தான் அர்த்தமுள்ளது.

வெளியூரிலிருந்து திறக்க வேண்டும் என்றால் ரூட்டரில் வாசலைத் திறந்துவிட வேண்டாம். டெட்போல்ட் நுழைந்தது அந்த வழியில். தவிர, நம் ஊர் இணையச் சேவைகளில் பலவும் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதால், அந்த முயற்சி பலிக்கவும் செய்யாது. இணையத்தின் ஊடே உங்கள் கருவிகளுக்கு மட்டுமான பூட்டிய பாதை போடும் டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றை நாஸிலும் போனிலும் நிறுவினால் போதும்.

மின்சாரம் பற்றியும் யோசித்தாக வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை சிதையலாம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்திலேயே சில பெட்டிகள் அணைந்து எழும். யுஎஸ்பி கேபிளில் நாஸோடு பேசும் சிறு யுபிஎஸ் இருந்தால், பேட்டரி தீரும் முன் நாஸ் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். யுபிஎஸ் மாடல் அந்த நாஸின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

## திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும் முன்

1. வீட்டில் உள்ள ஒவ்வொரு வகைக் கருவியிலிருந்தும் கடவுச்சொல்லோடு திறந்து, ஒரு கோப்பை எழுதி, இன்னொரு கருவியிலிருந்து அதைத் திருத்திப் பாருங்கள்.

2. நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பொன்றை மேக்கிலிருந்து போட்டு, விண்டோஸில் தேடிப் பாருங்கள்.

3. பத்து ஜிபி கோப்பு ஒன்றை ஒயர் வழியாக நகலெடுத்து நேரத்தைக் குறியுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தால் சரி. கால் மணி நேரம் ஆனால் ரூட்டரின் துளையை மாற்றுங்கள்.

4. போனில் உள்ள படங்களை நாஸுக்கு ஏற்றும் செயலியை ஒரு இரவு முழுக்க ஓட விட்டுப் பாருங்கள். ஐபோனில் பின்னணியில் ஓடும் செயலிகளுக்குக் கட்டுப்பாடு அதிகம், செயலியைத் திறந்து வைத்தால்தான் எல்லாப் படமும் ஏறுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

5. இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி என்றால், முக்கியமான எதையும் ஏற்றும் முன் ஒரு டிஸ்க்கை உருவிப் பாருங்கள். பெட்டி அலறுகிறதா, மின்னஞ்சல் வருகிறதா, கோப்புகள் தொடர்ந்து திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். மறுசீரமைப்பு முடிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் குறித்து வையுங்கள்.